எரிபொருட் சிக்கனம்: எமது வாகனங்களும் எமது பொறுப்பும்

பழக்கங்களை மீள்பரிசீலனை செய்வதற்கு ஒரு நெருக்கடி வந்து கதவைத் தட்டவேண்டும் என்பது மனித இயல்பு போலும். 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த வரிசைகளை இந்நாட்டு மக்கள் இலகுவில் மறந்துவிட முடியாது. இரவு பகலாக வாகனங்களுக்குள்ளேயே உறங்கிக் காத்திருந்தோரில் முதியோர் சிலர் அவ்வரிசைகளிலேயே உயிரிழந்தனர். முச்சக்கர வண்டிச் சாரதிகள் நாட்கூலியை இழந்தனர். மண்ணெண்ணெய் இன்றி மீனவரின் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வருடம் ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை, 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவை எட்டியது. ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்த பின்னரே வரிசைகள் மெல்லக் குறைந்தன.

அந்நாட்களில் ஒவ்வொரு லீற்றரையும் அளந்து செலவிட்ட நாம், வரிசைகள் மறைந்ததும் பழைய பழக்கங்களுக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் நெருக்கடிக்கு அடிப்படையான உண்மை மாறவில்லை. இலங்கையில் எண்ணெய்க் கிணறு எதுவும் கிடையாது. 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையமும் இறக்குமதி செய்யப்படும் மசகு எண்ணெயையே நம்பியிருக்கின்றது. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் எரிபொருள் இறக்குமதிக்காக ஆண்டொன்றுக்கு 400 கோடி டொலருக்கும் அதிகமான தொகை நாட்டைவிட்டு வெளியேறியது. மருந்து, பால்மா, உரம் ஆகியவற்றை வாங்குவதும் அதே டொலரைக் கொண்டுதான். ஆகவே வாகனத்தில் வீணாக எரிக்கப்படும் ஒவ்வொரு லீற்றரும் உரிமையாளரின் பணப்பையை மாத்திரம் பாதிக்கும் விடயமன்று.

ஒரு லீற்றர் எங்கே போகின்றது?

சிக்கனத்தைப் பற்றிப் பேசுமுன் செலவைப் புரிந்துகொள்ளுதல் அவசியம். சாதாரண பெற்றோல் கார் ஒன்றின் தாங்கியில் ஊற்றப்படும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே சில்லுகளைச் சென்றடைகின்றது. மிகுதியின் பெரும்பகுதி வெப்பமாக நீர்த்தொட்டி வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடுகின்றது. சில்லுகளை அடையும் அந்தச் சிறு பங்கும் மூன்று காரியங்களில் செலவாகின்றது. காற்றின் தடையைக் கிழித்துச் செல்லுதல், ரயர்களின் உருள்தடையை வெல்லுதல், நின்ற வாகனத்தை மீண்டும் வேகமெடுக்கச் செய்தல் என்பனவே அவை. இம்மூன்றிலும் சாரதியின் கையில் உள்ளவை பல.

எரிந்து முடிந்த எரிபொருள் மறைந்துவிடுவதும் இல்லை. ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை முக்கால் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அது எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகின்றது. டீசலாயின் அது 2.6 கிலோகிராமுக்கும் அதிகம். ஊற்றியதை விடக் கூடுதலான நிறை எவ்வாறு வெளிவர முடியும் என்ற ஐயம் எழலாம். பெற்றோலில் உள்ள காபன், வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்வதே இதற்குக் காரணம். 12 பங்கு காபன் 32 பங்கு ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்கு காபனீரொட்சைட்டாக மாறுகின்றது. இந்த வாயுவைப் பிடித்து வைக்கக்கூடிய வடிகட்டி எதுவும் எமது கார்களில் இல்லை. எரிபொருளைக் குறைத்தல் ஒன்றே இதனைக் குறைக்கும் வழி.

மாதமொன்றுக்கு 1000 கிலோமீற்றர் ஓடும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் அதற்கு 100 லீற்றர் வேண்டும். பழக்கத்தையும் பராமரிப்பையும் திருத்தி அதனை 12 கிலோமீற்றராக உயர்த்தினால் 83 லீற்றர் போதுமானது. ஓராண்டில் மீதமாவது 200 லீற்றர். வளிமண்டலத்திற்குச் செல்லாமல் தடுக்கப்படும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 460 கிலோகிராம். புதிய வாகனமோ புதிய கருவியோ வாங்காமலே அடையக்கூடிய பயன் இது.

சாரதியின் பாதமும் பொறுமையும்

எரிபொருட் செலவைத் தீர்மானிக்கும் காரணிகளில் முதன்மையானது வாகனத்தைச் செலுத்தும் முறையாகும். சமிக்ஞை விளக்கு பச்சையானதும் பாய்ந்து புறப்பட்டு, அடுத்த விளக்கில் பிறேக்கை அழுத்தி நிறுத்தும் சாரதி, சற்று முன் எரித்த எரிபொருளைப் பிறேக் தகட்டில் வெப்பமாக்கி வீணடிக்கின்றார். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் மதிப்பீட்டின்படி, முரட்டுத்தனமாகச் செலுத்துவதனால் நெடுஞ்சாலைகளில் 15 முதல் 30 வீதம் வரையிலும், நின்று நின்று செல்லும் நகர வீதிகளில் 10 முதல் 40 வீதம் வரையிலும் எரிபொருட் சிக்கனம் குறைகின்றது. முன்னே செல்லும் வாகனத்துடன் போதிய இடைவெளி விட்டு, தூரத்தில் விளக்கு சிவப்பாக இருப்பதைக் கண்டதும் அக்சிலேற்றரிலிருந்து பாதத்தை எடுத்துவிடுதல் எளிய பழக்கமாகும். விபத்தைத் தவிர்ப்பதும் இதே பழக்கம்தான்.

வேகத்தைப் பொறுத்தவரை காற்றுத்தடையின் விதி கடுமையானது. வேகம் கூடும்போது தடை அதன் வர்க்கத்திற்கு ஏற்ப அதிகரிக்கின்றது. மணிக்கு 80 கிலோமீற்றரில் செல்லும் காரை விட, 100 கிலோமீற்றரில் செல்லும் கார் ஒன்றரை மடங்கிற்கும் அதிகமான காற்றுத்தடையை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் தூரத்தைக் கடப்பதில் இவ்விரு வேகங்களுக்கும் இடையிலான நேர வித்தியாசம் 15 நிமிடங்கள் மட்டுமே. அந்தக் கால்மணி நேரத்திற்கு என்ன விலை கொடுக்கின்றோம் என்பதை ஒவ்வொருவரும் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பாடசாலை வாசல்களிலும் வங்கிகளின் முன்னாலும் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருப்பது எம்மிடையே பரவலாகக் காணப்படும் பழக்கம். நின்ற இடத்தில் இயங்கும் எஞ்சின், அதன் பருமனுக்கேற்ப மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை எரிக்கின்றது. குளிரூட்டியும் இயங்கினால் இது மேலும் கூடும். எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கு அதிக எரிபொருள் செலவாகும் என்பது பழைய காபுரேற்றர் காலத்து எண்ணம். இன்றைய எஞ்சின்களை மீள இயக்குவதற்கு, ஏறத்தாழ பத்து விநாடிகள் நின்று இயங்கும்போது செலவாகும் அளவே போதும். ஆகவே, வீதி நெரிசலுக்கு வெளியே ஒரு நிமிடத்திற்கு மேல் காத்திருக்க நேரின் எஞ்சினை நிறுத்திவிடுவதே முறை. இல்லையேல் அந்தப் புகையை முதலிற் சுவாசிப்பவர்கள் வாசலில் நிற்கும் எமது பிள்ளைகளே.

காலையில் எஞ்சினைச் சூடாக்குவதற்கென ஐந்து, பத்து நிமிடங்கள் இயக்கிவிடுவதும் எமது வெப்பமான காலநிலையில் தேவையற்றது. அரை நிமிடத்தின் பின் மெதுவாகப் புறப்பட்டால், ஓட்டத்திலேயே எஞ்சின் விரைவாகச் சூடேறும். குளிர்ந்த எஞ்சின் கூடுதலாக எரிபொருளைக் குடிக்கும் என்பதால், கடைக்கு ஒரு பயணம், தபாற்கந்தோருக்கு ஒரு பயணம் எனத் தனித்தனியே செல்லாமல் அலுவல்களை ஒரே சுற்றில் முடித்துக்கொள்வது நன்று.

பராமரிப்பின் பயன்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் எமது வீதிகளிலுள்ள வாகனங்களுக்கு வயது ஏறியிருக்கின்றது. வயதான வாகனத்திற்குப் பராமரிப்பே மருந்து.

இவற்றுள் மிகவும் மலிவானது ரயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதாகும். காற்றுக் குறைந்த ரயர், நிலத்தில் தட்டையாகப் படிந்து உருள்தடையைக் கூட்டுகின்றது, விரைவாகத் தேய்கின்றது, வேகமாகச் செல்லுகையில் வெடிக்கவும் கூடும். சரியான அழுத்தத்தைப் பேணுவதால் மூன்று வீதம் வரை எரிபொருள் மிச்சமாகலாம். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது பெரும்பாலும் சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டுள்ள சிறு தகட்டில் எழுதப்பட்டிருக்கும். இரு வாரங்களுக்கு ஒருமுறை, ரயர்கள் குளிர்ந்திருக்கும் வேளையில் இதனைப் பரிசோதித்தல் வேண்டும்.

காற்று வடிகட்டி, தீப்பொறிச் செருகிகள், சில்லுகளின் நேர்ப்பொருத்தம், விட்ட பின்னரும் உரசிக்கொண்டிருக்கும் பிறேக்குகள் என்பவை அடுத்துக் கவனிக்க வேண்டியவை. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் அதனைப் பொருட்படுத்தாது மாதக்கணக்கில் ஓட்டுவோர் உளர். எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்க உதவும் ஒட்சிசன் உணரி பழுதடைந்தால் செலவு பெருமளவு கூடிவிடக்கூடும். எஞ்சின் ஒயிலையும் உற்பத்தியாளர் குறிப்பிட்ட தரத்திலேயே பயன்படுத்த வேண்டும். ஹைபிரிட் வாகனம் வைத்திருப்போர், மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரத்தைத் தூசியோ பைகளோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுதல் முக்கியம். மின்கலம் சூடேறிப் பழுதடைந்தால் சேமித்த பணம் யாவும் ஒரே நாளில் போய்விடும்.

வாகனத்தின் பின்பெட்டியும் ஒரு களஞ்சியமன்று. ஏறத்தாழ 45 கிலோகிராம் தேவையற்ற சுமை ஒரு வீத எரிபொருளை மேலதிகமாகக் கோரும். கூரைமேல் பொருத்தப்படும் சாமான் தட்டு, வெறுமையாக இருக்கும்போதும் காற்றைத் தடுக்கின்றது. பயணம் முடிந்ததும் கழற்றி வைத்தல் நன்று. குளிரூட்டியைப் பொறுத்தவரை, வெயிலில் நின்ற வாகனத்தின் கதவுகளைச் சிறிது நேரம் திறந்து வெப்பக்காற்றை வெளியேற்றிய பின்னர் இயக்கினால் அதன் வேலைப்பளு குறையும். நகருக்குள் மெதுவாகச் செல்லும்போது யன்னல்களைத் திறந்துவிடலாம். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த யன்னல்கள் காற்றுத்தடையைக் கூட்டும் என்பதால் அங்கே குளிரூட்டியே பொருத்தமானது.

இவற்றால் விளையும் பயனை அறிய ஒவ்வொருவரும் கணக்கு வைத்திருக்க வேண்டும். தாங்கியை நிரப்பி ஓடுமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நிரப்பும்போது ஓடிய தூரத்தை, ஊற்றப்பட்ட லீற்றரால் வகுத்துப் பாருங்கள். 450 கிலோமீற்றருக்கு 36 லீற்றர் ஆனால் லீற்றருக்கு 12.5 கிலோமீற்றர். இந்த எண் திடீரென வீழ்ந்தால் எங்கோ கோளாறு உண்டென்பது பொருள்.

சில தப்பபிப்பிராயங்கள்

எரிபொருட் சிக்கனம் பற்றி மக்களிடையே நிலவும் சில நம்பிக்கைகள் பயனற்றவை, சில ஆபத்தானவை. இறக்கத்தில் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து உருளவிடுவது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நுவரெலியா, ஹப்புத்தளை போன்ற மலைப்பாதைகளில் இது உயிருக்கே உலை வைக்கும். மாறாக, கியரில் இருக்கும்போது அக்சிலேற்றரை விட்டுவிட்டால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை முற்றாகவே நிறுத்திவிடுகின்றன. நடுநிலையில் உருளும் வாகனத்திலோ எஞ்சினை இயக்கி வைத்திருக்க எரிபொருள் தொடர்ந்து செலவாகின்றது. இதில் மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

விலை கூடிய 95 ஒக்டேன் பெற்றோலை ஊற்றினால் வாகனம் கூடுதலான தூரம் ஓடும் என்பது மற்றொரு நம்பிக்கை. ஒக்டேன் எண் என்பது எரிபொருளின் வலிமையைக் குறிப்பதன்று. அமுக்கப்படும்போது தீப்பொறிக்கு முன்னரே தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் ஆற்றலையே அது குறிக்கின்றது. இதனை விளங்கிக்கொள்ள வடக்கு மக்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. 1990 களில் வடபகுதிக்குப் பெற்றோல் எடுத்துச்செல்வது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் முதலான பழைய கார்கள் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் எஞ்சின்கள் குறைந்த அமுக்க விகிதம் கொண்டவை என்பதாலேயே ஒக்டேன் குறைந்த மண்ணெண்ணெயை அவை சகித்துக்கொண்டன. இன்றைய எஞ்சினில் மண்ணெண்ணெயைக் கலந்தால் அது தட்டொலி எழுப்பிச் சேதமடையும், புகையும் கக்கும். அதேவேளை, 92 ஒக்டேனுக்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சினுக்கு 95 ஐ ஊற்றுவதால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் கிடையாது. வாகனத்தின் கைந்நூல் எதைக் கூறுகின்றதோ அதுவே போதுமானது.

புகையும் கழிவு எண்ணெயும்

காபனீரொட்சைட்டின் தாக்கம் காலநிலையில் மெல்லவே தெரியவரும். ஆனால் புகைக்குழாயிலிருந்து வெளிவரும் ஏனைய நச்சுக்கள் உடனடியாகவே எமது சுவாசப்பையை அடைகின்றன. டீசல் புகை மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்துவது என 2012 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. பஸ் வண்டிக்குப் பின்னால் துவிச்சக்கர வண்டியில் செல்லும் மாணவன் இதனைச் செய்தியாகப் படிக்க வேண்டியதில்லை. அவன் அன்றாடம் சுவாசிப்பது அதுவே.

புகையின் நிறம் பல உண்மைகளைச் சொல்லும். கரும்புகை, முழுமையாக எரியாத எரிபொருளின் அடையாளம்; காசைப் புகையாக்குதல் என்பது இங்கே உவமையன்று. நீலப்புகை, எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டுகின்றது. எஞ்சின் சூடேறிய பின்னரும் தொடரும் வெண்புகை, குளிர்விக்கும் நீர் உட்கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். ஈயம் கலந்த பெற்றோலை 2002 இல் கைவிட்டதும், வருடாந்த வாகனப் புகைப் பரிசோதனையை 2008 முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும் இந்நாடு எடுத்த நல்ல நடவடிக்கைகள். ஆயினும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்காகப் பரிசோதனைத் தினத்தில் மட்டும் எஞ்சினைச் சீர்செய்துவிட்டு, மறுநாள் பழைய நிலைக்குத் திரும்புவதால் எவரும் ஏமாற்றப்படுவதில்லை, எம்மைத் தவிர.

புகையைப் போலவே கவனத்திற்குரியது கழிவு எண்ணெய். மாற்றி எடுக்கப்படும் பழைய எஞ்சின் ஒயிலில் பார உலோகங்களும் நச்சுச் சேர்வைகளும் கலந்துள்ளன. இதனை வளவின் மூலையிலோ வடிகாலிலோ ஊற்றுவது எங்கும் தவறு. சுண்ணக்கற் பாறையின் மேல் வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது பெருந்தவறு. அங்கே நிலத்தில் ஊற்றப்படுவது வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீரை எளிதில் சென்றடையும். குடிப்பதற்கும் பயிருக்கும் குடாநாட்டுக்கு வேறு நீர் எங்கே? சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுப்பிய அச்சம் இன்னும் மக்கள் மனதில் உண்டு. கராஜ் உரிமையாளர்கள் கழிவு எண்ணெயை மூடிய கொள்கலன்களில் சேகரித்து, அதற்கென அனுமதி பெற்றோரிடம் கையளிக்க வேண்டும். வீட்டில் ஒயில் மாற்றுவோர் அதனைக் கராஜிடம் ஒப்படைக்கலாம். பழைய ஈயமில மின்கலங்களை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுத்தலும் இவ்வாறானதே.

ஓடாத வாகனமே மிகச் சிக்கனமானது

மின்சாரக் கார்கள் பற்றி இப்போது அதிகம் பேசப்படுகின்றது. பெற்றோல் காருடன் ஒப்பிடுகையில் அவை தாம் பெறும் சக்தியில் மிகப்பெரும் பகுதியைச் சில்லுகளுக்கு வழங்குகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் நோக்க வேண்டும். மழை நன்கு பெய்த காலத்தில் எமது மின்சாரத்தின் கணிசமான பங்கு நீர்மின்னாகும். வரட்சியிலோ நுரைச்சோலையின் நிலக்கரியும் டீசலுமே கைகொடுக்கின்றன. கூரையில் சூரியக்கலம் பொருத்திப் பகல் வேளையில் மின்னேற்றக் கூடியவர்களுக்கு மின்சாரக் கார் இரட்டிப்புப் பயன் தரும். அதனை வாங்க வசதியில்லாத பெரும்பான்மையோர், இருக்கும் வாகனத்தைக் குறைவாகவும் நிதானமாகவும் ஓட்டுவதன் மூலம் தமது பங்கைச் செய்யலாம்.

ஒரு கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்திலுள்ள கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ நடந்தோ துவிச்சக்கர வண்டியிலோ செல்வதில் தாழ்வேதும் இல்லை. ஒரே திசையில் வேலைக்குச் செல்லும் நால்வர் நான்கு கார்களில் செல்வதற்குப் பதிலாக ஒன்றில் செல்லலாம். ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பஸ் வண்டி ஒன்று, வீதியிலிருந்து எத்தனை கார்களை அகற்றுகின்றது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆயினும் பொறுப்பு முழுவதையும் மக்களின் தலையில் சுமத்துவது நீதியாகாது. நேரத்திற்கு வராத, நின்று செல்ல இடமில்லாத பஸ் வண்டியை நம்பிக் காரை வீட்டில் விட்டுவருமாறு எவரையும் கேட்க முடியாது. பாடசாலைப் பஸ் சேவைகளை விரிவுபடுத்துதல், நகரங்களில் சமிக்ஞை விளக்குகளை ஒன்றோடொன்று இணைத்து இயக்குதல், துவிச்சக்கர வண்டிக்கும் பாதசாரிக்கும் பாதுகாப்பான இடமளித்தல், கரும்புகை கக்கும் வாகனங்கள் அரச வாகனங்களாயினும் தனியார் வாகனங்களாயினும் பாரபட்சமின்றி வீதியிலிருந்து அகற்றுதல் ஆகியன அரசாங்கமும் உள்ளூராட்சி மன்றங்களும் மாகாணப் போக்குவரத்து அதிகாரிகளும் செய்யவேண்டியவை.

சிக்கனம் எமக்குப் புதிய போதனையன்று. தன் வலிமையும் வரவும் அறிந்து செலவிடுமாறு வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வற்புறுத்தியுள்ளார். ஓடும் ஆற்றில் வுழூச் செய்யும்போதும் நீரை விரயமாக்கலாகாது எனப் போதிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுவோரும் எம்மிடையே வாழ்கின்றனர். ஆற்றுநீருக்கே அந்தக் கட்டுப்பாடு எனில், கடன்பட்டு, கடல்கடந்து, கப்பலில் வரும் எண்ணெய்க்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்? 2022 இல் வரிசையில் நின்று கற்ற பாடத்தை, வரிசை இல்லாத காலத்திலும் கடைப்பிடிப்பதே அறிவுடைமை. மீண்டுமொரு நெருக்கடி வந்துதான் அதனை நினைவூட்ட வேண்டும் என்றிருத்தல் ஆகாது.